ஒலிபெருக்கியின் பின்பக்கம்

தமிழில் ஒலிபெருக்கியைப் பற்றி எழுதப்பட்டவையெல்லாம் ஒலிபெருக்கிக்கு முன்னால் நின்றவர்களைப் பற்றியவைதான். மேடைப் பேச்சு, நாடகம், சினிமாப் பாட்டு, வானொலி என்று எதை எடுத்துக்கொண்டாலும் குரல் யாருடையது, வார்த்தை யாருடையது என்பதோடு நம் ஆராய்ச்சி நின்றுவிடுகிறது. 1944 ஆகஸ்ட் 27-ல் சேலத்தில் கூடிய மாநாட்டில் நீதிக்கட்சி திராவிடர் கழகம் என்று பெயர் மாறியது. அதன் தீர்மானங்களை வரிசை தவறாமல் ஒப்பிக்கக்கூடியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பந்தலின் கடைசி வரிசையில் உட்கார்ந்தவன் காதுக்கு அவை எப்படிப் போய்ச் சேர்ந்தன என்ற கேள்வி மட்டும் நம் சரித்திரக்காரர்களுக்குத் தோன்றுவதில்லை. சப்தம் காற்றைப்போல இலவசமாகக் கிடைக்கிற ஒன்று என்று நினைத்துக்கொண்டுவிட்டோம்.

இலவசமாக அது ஒருநாளும் கிடைத்ததில்லை. சேலம், நாமக்கல் சமவெளியில் சப்தம் பெரும்பாலும் பழைய பெட்டிகளில்தான் வந்து இறங்கியது. வேறொருவர் வாங்கி, வேறொருவர் சலித்து, மூன்றாமவர் கைமாற்றிவிட்ட ஆம்ப்ளிபயர்கள், குழாய்கள், கிராமபோன் மோட்டார்கள், டேப் டெக்குகள். இவற்றைத் திறந்து, அளந்து, கெட்டதை மாற்றி, சில சமயம் கெடாததையும் மாற்றிப் பார்த்துத்தான் ஒலி என்றால் என்ன என்பதை இங்குள்ளவர்கள் கற்றுக்கொண்டார்கள். கல்லூரி வழியாக வந்த ஞானம் அல்ல இது. தொழில் ரகசியம் என்ற பெயரில் பாதியும், சொல்லத் தெரியாததால் பாதியும் எழுதப்படாமலே போயிற்று. அறிவு என்றால் அச்சில் வந்தது என்று கருதுகிற நம் சிறு வட்டத்துக்கு இது அறிவாகவே படவில்லை.

வங்கியில் தேய்மானக் கணக்கு போடுகிறவனுக்கு இதில் ஒரு வேடிக்கை தெரியும். வருமானவரிக் கணக்கில் பொதுவாக யந்திரத்துக்கு ஆண்டுக்கு 15 சதவீதம் தேய்மானம். பத்து வருஷம் கழித்தால் ரூபாய்க்கு இருபது காசுகூட மிச்சமில்லை. கடன் மனுவில் அந்தச் சாதனத்துக்கு மதிப்பே கிடையாது. ஆனால் ஒரு சாதனம் கற்றுக்கொடுக்க ஆரம்பிப்பது ஏறத்தாழ அந்தக் கட்டத்தில்தான். புது ஆம்ப்ளிபயரை யாரும் ஸ்க்ரூடிரைவரால் தொட மாட்டார்கள். பயம், கியாரண்டிச் சீட்டு இரண்டும் தடுக்கும். புத்தகத்தில் பூஜ்யமாகிவிட்ட பெட்டியைத்தான் தைரியமாகத் திறக்கலாம்.

பழைய சாதனம் என்றால் இல்லாதவனின் சமாதானம் என்று நினைத்துவிடக்கூடாது. தமிழ் கேட்ட வானொலியின் ஆரம்பமே அதுதான். கொழும்பில் 1923-ல் தந்தி இலாகாவினர் நடத்திய முதல் சோதனை ஒலிபரப்பு, பிடிபட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலின் ரேடியோ பாகங்களைக் கொண்டு கட்டிய டிரான்ஸ்மிட்டரில் நடந்தது. ஒலிபரப்பியது கிராமபோன் இசை. சென்னையில் 1924-ல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று தொடங்கிய மதராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் ஆர்வலர்களின் சங்கம். சர்க்காருக்கு அதில் பங்கில்லை. 1927-ல் பணமில்லாமல் அது மூடியபோது டிரான்ஸ்மிட்டர் சென்னை மாநகராட்சிக்குப் போயிற்று. 1930 ஏப்ரல் 1 முதல், 1938-ல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் திறக்கும்வரை, சென்னைக்கு ஒலிபரப்பு என்று இருந்தது இப்படிக் கைமாறிய ஏற்பாட்டில் தொடர்ந்த மாநகராட்சி சேவைதான். பிறகு நம் டீக்கடைகளில் பல வருஷங்கள் ஆட்சி செய்த இலங்கை வானொலி. அதன் தூரம் தாண்டிய பலம் எங்கிருந்து வந்தது? இரண்டாம் உலக யுத்தத்தில் தென்கிழக்காசியப் படைகளுக்காக பிரிட்டிஷார் கொழும்பில் நிறுவிய ராணுவ வானொலியிலிருந்து. அந்த நிலையம் 1949-ல் இலங்கை அரசின் கைக்கு வந்தது. ராணுவம் பயன்படுத்திவிட்டுக் கொடுத்ததில்தான் எடப்பாடிக்கும் ராசிபுரத்துக்கும் சினிமாப் பாட்டு வந்தது.

யுத்தம் முடிந்த பின் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இதே கதை, பெரிய அளவில். ராணுவம் கழித்துவிட்ட வால்வுகளும் டிரான்ஸ்பார்மர்களும் மலிவாகச் சந்தைக்கு வந்தன. 1947-ல் லண்டன் ‘வயர்லெஸ் வோர்ல்ட்’ பத்திரிகையில் டி.டி.என். வில்லியம்சன் ஒரு ஆம்ப்ளிபயர் வரைபடத்தை வெளியிட்டார். 15 வாட்டில் சிதைவு ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது அதன் பெருமை. அதை வீட்டு மேஜையில் கட்டிப் பார்த்தவர்களால்தான் ‘ஹை பிடெலிட்டி’ என்ற சொல்லுக்கு அர்த்தம் ஏற்பட்டது. ஆனால் ஒரு வித்தியாசம். அங்கே படம் அச்சில் வந்தது, வாசகன் கடிதம் எழுதினான், அடுத்த இதழில் திருத்தம் வந்தது. நம்மிடம் வரைபடம் கிழிந்த தாளில் ஒரு கடையிலிருந்து இன்னொரு கடைக்கு நடந்தது. இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் வெளிநாட்டு சாமான் எட்டாக் கனி. 1954-ல் பெங்களூரில் தொடங்கிய பாரத் எலக்ட்ரானிக்ஸ் அறுபதுகளில் வால்வும் ஜெர்மேனியம் டிரான்சிஸ்டரும் செய்யத் தொடங்கிய பிறகுதான் மாற்று பாகம் என்பது கைக்கெட்டிய விஷயமாயிற்று. 1969-ல் டில்லியிலிருந்து ‘எலக்ட்ரானிக்ஸ் பார் யூ’ வர ஆரம்பித்தது. ஆங்கிலம் தெரியாதவனும் அதன் வரைபடத்தைப் படித்தான். வரைபடத்துக்கு மொழிபெயர்ப்பாளன் வேண்டியதில்லை.

பக்கத்துக் கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடு பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கிப் பிரித்துப் போட்டுத்தான் யந்திர சாஸ்திரம் கற்றார் என்பது எல்லோரும் அறிந்த கதை. 1941-ல் ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்துகாட்ட முடியும் என்று அவர் அறிவித்ததை அவ்வளவு பேர் நினைவில் வைத்திருக்கவில்லை. நாயுடுவை மேதை என்று ஒதுக்கி வைப்பதில் எனக்குச் சம்மதமில்லை. அவர் செய்தது இந்தப் பிரதேசத்தின் பொதுக் குணம். பிரித்துப் பார்க்காமல் எதையும் நம்பாத குணம்.

சேலத்துக்கு வருவோம். மேட்டூர் அணையின் மின்நிலையம் வேலை செய்யத் தொடங்கியது 1937-ல். அதே வருஷம் டி.ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் தன் முதல் படமான ‘சதி அகல்யா’வை வெளியிட்டது. மின்சாரமும் பேசும் படமும் இந்தச் சமவெளிக்கு ஏறத்தாழ ஒன்றாகவே வந்தன என்று சொல்லலாம். மலையாளத்தின் முதல் பேசும் படமான ‘பாலன்’ 1938-ல் இங்கிருந்துதான் போயிற்று. ‘மந்திரி குமாரி’யின் வசனம் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். அந்த வசனம் பிலிமின் ஓரத்தில் ஒளிக்கோடாகப் பதிந்து, கொட்டகையில் மறுபடி சப்தமாகிற வழியில் என்ன ஆயிற்று என்று யோசித்ததில்லை. ஒளிக்கோட்டில் இயல்பாகவே இரைச்சல் அதிகம். அதை அமுக்குவதற்காக 1938-ல் ஹாலிவுட் அகாடமி வகுத்த அளவு, கொட்டகைச் சப்தத்தின் மேல்ஸ்தாயியைச் சரித்து வெட்டியது. உலகம் முழுக்க சினிமாக் கொட்டகைகள் இந்தப் பாதையில்தான் போயின. ‘ச’, ‘ஸ’ இவற்றின் சீறல் இருக்கும் பகுதி அதில் மழுங்கிவிடும். ஆகவே பழைய படங்களில் நடிகர்கள் அப்படி அழுத்தி, நிறுத்தி, ஒவ்வொரு மெய்யையும் தட்டிப் பேசியதில் நாடக மேடையின் பழக்கத்துக்கு எவ்வளவு பங்கு, பாதி காது கேட்கிற யந்திரத்துக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. இரண்டும் உண்டு என்பது என் அபிப்பிராயம். ஸ்டூடியோ இருந்த ஏற்காடு சாலையில் இன்று மிஞ்சியிருப்பது நுழைவு வளைவு.

ஸ்டூடியோ நகரத்தின் விஷயம். கிராமத்துக்குச் சப்தத்தைக் கொண்டுபோனவர் மைக் செட்காரர். சிந்து மாகாணத்தில் 1909-ல் மோட்வானி குடும்பம் தொடங்கிய வியாபாரம் பம்பாய்க்கு வந்து ‘சிகாகோ ரேடியோ’ என்ற பெயரில் காங்கிரஸ் கூட்டங்களுக்கு ஒலிபெருக்கி வைத்தது. நேரு பேசும் பழைய புகைப்படங்களில் அவர் முகத்துக்குக் கீழே அந்தப் பெயரைப் படிக்கலாம். 1940-ல் டில்லியில் அஹூஜா வந்தது. பின்னால் நம் பக்கத்துத் திருவிழாக்களில் அந்தப் பெயர் ஆம்ப்ளிபயருக்கே மறுபெயர் மாதிரி ஆகிவிட்டது. இதில் எனக்குப் பிடித்த தகவல் வேறு. தலைவர்களின் முன் மைக் வைத்த அதே மோட்வானி நிறுவனம்தான் ரேடியோ மெக்கானிக்குகளின் மேஜையில் கிடக்கும் கறுப்பு மல்டிமீட்டரையும் செய்தது. ஒரே நிறுவனத்தின் இரண்டு சாமான்கள். ஒன்றின் முன்னால் நின்றவர்களுக்குச் சிலை உண்டு.

குழாய் என்று ஊரில் சொல்லப்படும் அந்தக் கூம்பு ஸ்பீக்கரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நம் காதுகளை உருவாக்கியதில் எந்த சங்கீத சபாவையும்விட அதற்குப் பங்கு அதிகம். பெட்டிக்குள் அடைத்த சாதாரண ஸ்பீக்கருக்கு ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 88, 90 டெசிபல் வரும். குழாய் அதே ஒரு வாட்டில் 105-க்கு மேல் கத்தும். 15 முதல் 20 டெசிபல் வித்தியாசம். டெசிபல் கணக்கு பெருக்கல் கணக்கு. 20 என்றால் நூறு மடங்கு சக்தி. அதாவது ஒரு 30 வாட் வால்வு ஆம்ப்ளிபயர் இரண்டு குழாய்களோடு செய்கிற வேலையைப் பெட்டி ஸ்பீக்கர் செய்ய ஆயிரம் வாட்டிலிருந்து மூவாயிரம் வாட்வரை வேண்டும். மின்சாரமே எட்டாத, எட்டினாலும் நிலைக்காத கிராமத்தில் இது சின்ன விஷயமல்ல. குழாய் ஏழையின் கண்டுபிடிப்பு அல்ல; ஆனால் ஏழை தேசத்துக்குப் பொருந்திய கண்டுபிடிப்பு.

அதற்குக் கொடுத்த விலையும் உண்டு. சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே குழாய் ஊமை. மேலே ஐந்தாறாயிரத்துக்கு அப்பால் போகாது. நாயனத்தின் பலம் முழுக்க இந்த எல்லைக்குள் அடங்கும், அதனால் அது குழாயில் ஜெயித்தது. தவிலில் வலந்தலையின் விரல் சொற்கள் கேட்கும், தொப்பியின் கும்காரம் போய்விடும். உருமியில் உறுமல் வராது, தோலில் குச்சி படுகிற அரவம்தான் வரும். மாரியம்மன் பண்டிகைக்குக் கொட்டுகிற வாத்தியம் அடிவயிற்றில் அதிர வேண்டியது. குழாய் வழியாக வந்தபோது அது தகர டப்பாவாயிற்று. மனிதக் குரலின் கதை வேறு. சொல்லைச் சொல்லாகப் புரியவைக்கும் பகுதி ஆயிரத்துக்கும் நாலாயிரத்துக்கும் இடையில் இருக்கிறது. குழாய் உச்சமாக இயங்குவதும் அங்கேதான். அடுக்குமொழியும் எதுகையும் ஒரு தலைமுறையையே கட்டிப்போட்டதைப் பற்றி நாம் மொழியியல் பேசியிருக்கிறோம், ஜாதி அரசியல் பேசியிருக்கிறோம். வல்லினம் தட்டித்தட்டி வருகிற நடை, அந்தத் தகரக் கூம்பு தப்பில்லாமல் கடத்தக்கூடிய நடையாகவும் இருந்தது. மணிக்கொடிக்காரர்களின் வாக்கியத்தை அதில் வாசித்திருந்தால் இரண்டாம் வரிசையிலேயே உதிர்ந்திருக்கும்.

குழாய் தூரத்தில் இருக்க வேண்டும், ஆம்ப்ளிபயர் பந்தலில். நடுவில் கம்பி. 30 வாட்டை 8 ஓம் ஸ்பீக்கருக்கு நேராக அனுப்பினால் ஏறத்தாழ 2 ஆம்பியர் ஓடும். கம்பிக்கே 8 ஓம் தடை இருந்தால் சப்தத்தில் சரிபாதி கம்பியைச் சூடாக்குவதில் போய்விடும். அதே 30 வாட்டை 100 வோல்ட் லைனில், குழாயின் முதுகில் ஒரு சிறு டிரான்ஸ்பார்மர் வைத்து அனுப்பினால், கம்பியில் வீணாவது நூற்றுக்கு இரண்டு மூன்றுதான். மேட்டூரிலிருந்து மின்சாரத்தை உயர்ந்த வோல்டேஜில் அனுப்புகிற அதே தத்துவம். இதைப் பாடப்புத்தகத்தில் படித்துப் பரீட்சை எழுதிய நாங்கள் மறந்துவிட்டோம். கோயில் கோபுரத்திலிருந்து ஏரிக்கரைவரை கம்பி இழுத்தவர், இழுத்த பின் குழாய் முனகுவதைக் கேட்டு, மல்டிமீட்டரை இரண்டு முனையிலும் வைத்துப் பார்த்து அறிந்துகொண்டார். அவருக்கு அது மறக்காது.

வோல்டேஜ் இன்னொரு பாடம். இது கிணற்றுப் பாசன பூமி. பம்ப்செட்டுகள் ஓடுகிற நேரத்தில் 230 இருக்க வேண்டிய இடத்தில் 184 நின்றால், ஐந்தில் ஒரு பங்குதானே குறைந்தது என்று தோன்றும். சக்தி வோல்டேஜின் வர்க்கத்தைப் பின்பற்றுவதால் கிடைப்பது 64 சதவீதம். அதனால் டிரான்ஸ்பார்மர் சுற்றுகிறவர்கள் 180-க்கும் 200-க்கும் தனித்தனி முனை எடுத்துவிட்டார்கள். கம்பெனி வரைபடத்தில் இல்லாத முனைகள். பழைய பெட்டியைத் திறந்தால் எந்த ஊரில் எந்தக் காலத்தில் கரண்ட் எப்படி இருந்தது என்று அந்த முனைகளில் எழுதியிருக்கும். ஆவணக் காப்பகத்தில் தேட வேண்டியதில்லை.

அளப்பதற்கு என்ன இருந்தது? ஆய்வுக்கூடம் இல்லை. சுவரில் ஒரு சீரியஸ் பல்பு. நூறு வாட் பல்பைப் பழுதான பெட்டியோடு தொடராக இணைத்துச் சுவிட்சைப் போட்டால், உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழுதாக எரியும். சரியாக இருந்தால் ஒருமுறை மினுங்கி மங்கும். எட்டணா செலவில்லாமல் கட்டிய இந்தச் சாதனம் எத்தனை டிரான்ஸ்பார்மர்களைக் காப்பாற்றியிருக்கும் என்பதற்குக் கணக்கில்லை. 50 ஹெர்ட்ஸ் சப்தம் வேண்டுமா, வால்வுக்கு இழை சூடாக்கும் 6.3 வோல்ட் முனையிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஸ்பீக்கர் இல்லாமல் ஆம்ப்ளிபயரின் முழு பலத்தைச் சோதிக்க வேண்டுமா, ஆயிரம் வாட் ஹீட்டர் காயிலில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கை வெட்டினால் 8 ஓம். அதன் குறுக்கே சிதைவில்லாமல் 12 வோல்ட் நிற்கிறதென்றால் 12-ஐ 12-ஆல் பெருக்கி 8-ஆல் வகுக்க, 18 வாட். தொண்ணூறுகளில் டேப் ரிக்கார்டர்களின் நெற்றியில் 500 வாட், 1000 வாட் பி.எம்.பி.ஓ. என்று பொன்னெழுத்தில் அச்சடித்து வந்தார்கள். ஹீட்டர் காயிலை மாட்டிப் பார்த்த பையன்களுக்கு அந்தப் பெட்டியில் பத்து இருபது வாட்டுக்கு மேல் கிடையாது என்று தெரிந்துபோயிற்று. இந்த மாதிரி ஒரு காயில் நம் பின்னட்டைக் குறிப்புகளுக்கும் இருந்தால் நன்றாக இருக்கும்.

நாமக்கல்லில் இந்தப் படிப்புக்கு இன்னொரு கிளை முளைத்தது. லாரி. பாடி கட்டும் பட்டறை இருக்கிற ஊரில் லாரி எலக்ட்ரீஷியனும் இருப்பார். இரவு முழுக்க ஓட்டுகிறவனுக்குப் பாட்டு ஆடம்பரம் அல்ல, தூங்காமல் இருக்கிற வழி. லாரியில் இரண்டு பேட்டரி சேர்ந்து 24 வோல்ட். காசெட் ஸ்டீரியோ காருக்குச் செய்தது, 12 வோல்ட் போதும். ஜப்பானிய சான்யோவின் எல்.ஏ. 4440 என்ற ஐ.சி.யை நம்பித்தான் எண்பதுகளுக்குப் பின் இந்தியாவின் மலிவு ஆம்ப்ளிபயர்களில் பெரும்பகுதி இயங்கியது. அது வேலை செய்யக்கூடிய உச்சம் 18 வோல்ட். ஆகவே சுலபமான வழி, இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் கம்பி எடுப்பது. பாட்டு நன்றாகவே கேட்கும். சில மாதங்களில் பாட்டுக் கொடுத்த பேட்டரி இளைத்திருக்கும், மற்றது அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏறிக் கொதித்திருக்கும். ஏன் என்று தெரிந்துகொள்ள இரண்டையும் தனித்தனியாக அளக்க வேண்டும். அளந்தவர் 24-ஐ 12 ஆக இறக்கும் சிறு சர்க்யூட்டைத் தனியாகக் கட்டினார். பிறகு இன்ஜின் வேகத்தோடு சேர்ந்து ஏறி இறங்குகிற கீச்சொலி. அது ஆல்டர்னேட்டரிலிருந்து வருகிறது என்பது தெரிந்து, வழியில் ஒரு சுருளும் கண்டென்ஸரும் வைத்து அடக்க இன்னொரு படிப்பு. ஒரு பாட்டைக் கேட்பதற்காக வாகனத்தின் மின்சாரம் முழுவதையும் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது. சப்தம் எப்போதும் இப்படித்தான், தன்னைத் தவிர மற்றதையெல்லாம் கற்றுக்கொடுக்கும்.

திருச்செங்கோட்டுச் சாலையில் ஒரு கடையில், ஸ்பீக்கரின் காகிதக் கூம்பின் மேல் பழைய தடித்த ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்து அளப்பதைப் பார்த்திருக்கிறேன். அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. ஸ்பீக்கருக்கு எத்தனை பெரிய பெட்டி வேண்டும் என்பது வெகுநாள் குருட்டு ஊகமாகவே இருந்தது. ஆஸ்திரேலியப் பொறியாளர் நெவில் தீல் 1961-ல் அதற்கு ஒரு கணித அடிப்படை கொடுத்தார். கட்டுரை வந்தது ஆஸ்திரேலியாவின் ஒரு தொழில்முறைச் சஞ்சிகையில். பத்து வருஷம் உலகம் அதை அதிகம் கவனிக்கவில்லை. 1971-ல் அமெரிக்க ஆடியோ பொறியியல் சங்கத்தின் இதழ் அதை மறுபிரசுரம் செய்தது. 1972, 73-ல் ரிச்சர்ட் ஸ்மால் அதை விரித்தெழுதினார். இன்று தீல்-ஸ்மால் அளவுகள் இல்லாமல் உலகில் யாரும் ஸ்பீக்கர் செய்வதில்லை. சிறு பத்திரிகைக்காரர்களுக்கு ஆறுதலான சங்கதி.

நாணயத்துக்கு அங்கே வேலை என்னவென்றால், ஒவ்வொரு ஸ்பீக்கரும் ஒரு குறிப்பிட்ட அதிர்வில் தானாகவே அதிகம் ஆடும். தொடராக ஒரு தடையை வைத்து, சப்தத்தின் ஸ்தாயியை மெல்ல மாற்றிக்கொண்டே ஸ்பீக்கர் முனைகளில் வோல்டேஜைப் பார்த்தால், அந்த இடத்தில் முள் எகிறும். 50 ஹெர்ட்ஸில் எகிறியது என்று வைத்துக்கொள்வோம். கூம்பின் மேல் நாணயத்தை ஒட்டினால் பாரம் கூடி, எகிறும் இடம் 40-க்கு இறங்குகிறது. 50-ஐ 40-ஆல் வகுத்து வர்க்கமாக்கி ஒன்றைக் கழித்தால் 0.5625. நாணயத்தின் எடையான 9 கிராமை இதனால் வகுக்க 16. கூம்பும் காயிலும் சேர்ந்து ஆடுகிற எடை 16 கிராம். கழற்றாமல், கிழிக்காமல், தராசில்லாமல் ஓர் உள்ளுறுப்பை எடை போட்டாயிற்று. 1992-ல் வந்த அந்த நாணயம் செம்பும் நிக்கலும் கலந்தது, ஸ்பீக்கரின் காந்தம் அதை இழுக்காது. பின்னால் வந்த எஃகு நாணயத்தை இழுத்துவிடும், கணக்குத் தப்பும். இந்த நுணுக்கம் தீலின் கட்டுரையில் இல்லை. கடையில் இருக்கிறது.

இனி நம் விஷயம். க.நா.சு.வுக்கும் செல்லப்பாவுக்கும் நடந்த வழக்கு இந்த வாசகர்களுக்குத் தெரிந்ததே. ரசனை போதும், நல்லதைச் சுட்டிக்காட்டினால் தகுதியுள்ளவன் எடுத்துக்கொள்வான் என்றது ஒரு பக்கம். அலசிப் பார்க்காமல் ரசனையைக் காட்டுவதெப்படி என்று 1959 முதல் 1970 வரை ‘எழுத்து’ நடத்திக் கேட்டது இன்னொரு பக்கம். நாம் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும் என்பதுபோல் இன்றுவரை கட்சி கட்டுகிறோம். ரிப்பேர் கடையில் அந்த வழக்கு எழவேயில்லை. முதலில் காது. “பானைக்குள்ள பேசறாப்பல இருக்குதுங்க” என்பார் வாடிக்கையாளர். மெக்கானிக் சிரிக்க மாட்டார். இருநூறு, முந்நூறு ஹெர்ட்ஸ் பக்கம் ஏதோ புடைத்திருக்கிறது என்று அவருக்கு அர்த்தமாகிவிடும். தகரச் சத்தம் என்றால் அதற்கு மேலே, ஆயிரம் இரண்டாயிரத்தில். தொண்டை கட்டின மாதிரி என்றால் மேல்ஸ்தாயி அமுங்கியிருக்கிறது. பிறகு மீட்டர். பிறகு மாற்றம், மறுபடி காது. உவமைக்கு அளவு சாட்சி சொல்கிறது, அளவுக்குக் காது சாட்சி சொல்கிறது. நம் சங்கீத விமர்சனத்தில் கம்பீரம், குழைவு, பாவம் என்று சொல்லிக்கொண்டே போகிறோமே, அவற்றில் எதற்கு இப்படித் திரும்பிப்போய்ச் சரிபார்க்கும் வழி இருக்கிறது?

அளக்காத காது ஏமாறும் என்பதும் அங்கே அனுபவம். பெல் ஆய்வுக்கூடத்தில் பிளெட்சரும் மன்சனும் 1933-லேயே காட்டினார்கள்: சப்தத்தின் பலம் குறைந்தால் காது கீழ்ஸ்தாயியை முதலில் இழக்கிறது. அதனால் ஒரே சாதனத்தைக் கொஞ்சம் சத்தமாக வைத்தால் அது ‘நன்றாக’ இருப்பதாகத் தோன்றும். இரண்டு ஆம்ப்ளிபயர்களை ஒப்பிட வேண்டுமென்றால் இரண்டின் அளவையும் மீட்டரில் சமன்படுத்திவிட்டுத்தான் கேட்க வேண்டும். அப்படிச் சமன்படுத்தினால் விலையுயர்ந்தது என்று நம்பியதற்கும் காயலான் கடையில் எடுத்துக் கண்டென்ஸர் மாற்றியதற்கும் வித்தியாசம் பல சமயம் கரைந்துவிடும். எல்லாச் சமயமும் அல்ல. பழையதெல்லாம் உசத்தி என்கிற வால்வு பக்தர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை. வற்றிப்போன கண்டென்ஸரின் முனகலை ‘வெதுவெதுப்பு’ என்று சொல்லி விற்கிறவர்களும் சந்தையில் இருக்கிறார்கள். மீட்டர் அவர்களுக்கும் விரோதிதான்.

இந்த அறிவுக்கு எல்லைகளும் இருந்தன. நூற்றாண்டின் பெரும்பகுதி அது ஆண்களின் கடைவாசல் அறிவு. கைவேலையாகக் கருதப்பட்டதால் அதில் ஈடுபட்டவனே மகனை அதிலிருந்து விலக்கி இன்ஜினீயரிங் கல்லூரியில் சேர்த்தான். அந்தக் கல்லூரியில் பையன் ஸ்பீக்கரைத் தொடாமலே பட்டம் வாங்கினான். சப்தத்தைப் பெருக்கத் தெரிந்தவர்களுக்கு அதைக் குறைக்க வேண்டிய அவசியம் தோன்றவும் இல்லை. பள்ளிப் பரீட்சைக் காலத்தில் நாலு திசையிலும் சீர்காழி கோவிந்தராஜன் பாடிய ஊர்களில் வளர்ந்தவன் இதைச் சொல்லலாம். 2000-ல் வந்த ஒலி மாசு விதிகள் இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கியைத் தடுத்தன. தமிழ்நாட்டில் கூம்பு ஒலிபெருக்கிகளைத் தடை செய்து போலீஸார் கழற்றிக்கொண்டு போவதும் நடக்கிறது. சட்டம் சரிதான். ஆனால் குழாய் போன இடத்தில் வந்து நிற்பது மௌனம் அல்ல; லாரி உயரத்துக்கு அடுக்கிய பெட்டிகள், ஆயிரக்கணக்கான வாட், குழாய்க்கு எட்டாத கீழ்ஸ்தாயி முழுவதும். உருமியின் உறுமல் கடைசியில் வந்து சேர்ந்தது, ஜன்னல் கண்ணாடியை உடைக்கிற பலத்தில்.

கழற்றப்பட்ட குழாய்கள் காயலான் கடைக்குப் போகின்றன. அலுமினியம் தனி, காந்தம் தனி, எடைக்கு எடை. சில யூனிட்டுகள் மட்டும் அங்கிருந்து மறுபடி மேஜைக்கு வருகின்றன. இன்று அலைவரிசைக் கோட்டை வரைந்து காட்ட மொபைல் போன் போதும். முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு ஆய்வுக்கூடத்தின் விலை அது. பையன்கள் குழாயின் வாயை அடைத்துப் பார்க்கிறார்கள், டயாபிரத்தை மாற்றிப் பார்க்கிறார்கள், 800 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒரு பழைய பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கருக்கும் மேலே குழாய்க்கும் பிரித்துக் கொடுத்து இரண்டையும் சேர்க்கப் பார்க்கிறார்கள். சேர்கிற இடத்தில் கோடு பள்ளமாகிறது. ஒன்றின் கம்பியைத் திருப்பி மாட்டுகிறார்கள். பள்ளம் கொஞ்சம் நிரம்புகிறது.